கமாய்ச்சாவுக்கு எத்தனை நிமிடம்?

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கச்சேரி என்றால் யார் வருவார்கள்? ஜோத்பூரில் வருகிறார்கள். மெஹ்ரான்கட் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜஸ்வந்த் தடா என்னும் வெள்ளைப் பளிங்கு நினைவு மண்டபம். போர்வையைச் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே வந்து அங்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். பாடகர் தொண்டையைச் செருமி, ஈரடிப் பாட்டான தோஹா ஒன்றைத் தாளமில்லாமல் இழுக்கத் தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாது. அவர் ராகத்தை விரித்து முடிப்பதற்குள் வெயில் பளிங்கின்மேல் ஏறிவிடும். கைதட்ட வேண்டும் என்ற நினைப்பு வரவே சிறிது நேரம் பிடிக்கும்.

ராஜஸ்தான் சர்வதேச நாட்டுப்புற விழா 2007-ல் தொடங்கியது. ‘ஜோத்பூர் ரிஃப்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மழைக்காலம் முடிந்து வரும் சரத் பூர்ணிமாவை ஒட்டி ஆண்டுதோறும் ஐந்து நாட்கள் நடக்கிறது. இடம், ராவ் ஜோதா 1459-ல் கட்டத் தொடங்கிய மெஹ்ரான்கட் கோட்டை. கோட்டையின் அருங்காட்சியக அறக்கட்டளையும் ஜெய்ப்பூர் விராசத் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய விழா இது. இன்று உலகம் அறிந்த ஜெய்ப்பூர் இலக்கிய விழாவும் அதே விராசத் அமைப்பின் விழாவிலிருந்து கிளைத்ததுதான். ஜோத்பூர் அரச குடும்பத்தின் கஜ் சிங் தலைமைப் புரவலர். ராக் பாடகர் மிக் ஜாகர் சர்வதேசப் புரவலர். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ இசைக்குழுக்கள் வருகின்றன. ஆனாலும் அவர்கள் விருந்தாளிகள்தான். வீட்டுக்காரர்கள் தார்ப் பாலைவனத்தின் மாங்கணியார்கள், லாங்காக்கள், கால்பேலியாக்கள், மேவாத் பகுதியின் ஜோகிகள்.

நாட்டார் கலையைச் சர்வதேச மேடையில் ஏற்றினால் அது பிழைக்குமா, கெட்டுப்போகுமா என்று பல காலமாக வாதம் நடக்கிறது. இந்தக் கலைஞர்களின் அறுபது ஆண்டு அனுபவத்தைப் படித்துக்கொண்டு வந்தால் இரண்டுமே நடந்திருப்பது தெரிகிறது. மேடை அவர்களுக்குச் சோறும் மதிப்பும் கொடுத்திருக்கிறது. அதே மேடை அவர்களுடைய பாட்டைக் குறுக்கியும் இருக்கிறது. இதற்கு மேடையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மேடையில் அவர்களுக்கு எவ்வளவு நேரம் தருகிறோம், அவர்களை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

புரவலர் வீட்டு முற்றம்

மாங்கணியார்களும் லாங்காக்களும் ஜெய்சல்மேர், பாட்மேர், ஜோத்பூர் வட்டாரங்களில் பரவி வாழும் இசைச் சாதிகள். இரு சாராரும் முஸ்லிம்கள். மாங்கணியார்களின் புரவலர்கள் பெரும்பாலும் ராஜபுத்திரர்கள் முதலான இந்துக்கள்; லாங்காக்களின் புரவலர்கள் சிந்தி சிபாய்கள் என்னும் முஸ்லிம் குடியானவர்கள். ஒவ்வொரு இசைக் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக இன்னின்ன வீடுகள் என்று உண்டு. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் இவர்கள் போய்ப் பாட வேண்டும். மாப்பிள்ளை குதிரை ஏறும்போது ஒரு பாட்டு, மணப்பெண்ணை வழியனுப்பும்போது ஒரு பாட்டு. அந்த வீட்டின் வம்சாவளியை, முப்பாட்டன் பெயர் வரை, இவர்கள்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஏடு, எழுத்து எதுவும் கிடையாது. கிருஷ்ணன் பிறப்பையும் தேவியின் பெருமையையும் தொழுகை முடித்து வந்த ஒருவர் உருகிப் பாடுவதும், அதைக் கேட்டு ஒரு ராஜபுத்திரக் கிழவர் கண் கலங்குவதும் அங்கே யாருக்கும் வியப்பாக இருப்பதில்லை. வெளியூர்க்காரர்களான நாம்தான் அதை மத நல்லிணக்கம் என்று பெயரிட்டுக் கொண்டாடுகிறோம். அவர்களுக்கு அது வேலை, உறவு, வயிற்றுப்பாடு.

பாடுவதற்குக் கூலியாக ஆடு, ஒட்டகம், தானியம், துணி, பணம் என்று எதுவும் வரலாம். புரவலர் கஞ்சத்தனம் செய்தாலோ அவமதித்தாலோ இசைக்குடும்பம் அவரை விலக்கிவைக்கவும் வழக்கத்தில் இடம் உண்டு. அந்த வீட்டின் வம்சப் புகழை ஓத மறுத்துவிட்டால் போதும். ஊரில் அவருக்குத் தலைகுனிவு.

மாங்கணியாரின் அடையாளம் கமாய்ச்சா. ஒரே மாமரத் துண்டைக் குடைந்து, உருண்டை வயிற்றின்மேல் ஆட்டுத்தோலை இழுத்துப் போர்த்து, பதினேழு தந்திகள் கட்டிய வாத்தியம். முக்கியமான மூன்று தந்திகள் ஆட்டுக்குடல் நரம்பு. நீண்டு வளைந்த குதிரைமயிர் வில்லால் இழுக்கும்போது வரும் குரலில் இனிமையைவிடக் கரகரப்புதான் அதிகம். வயதான ஒருவர் தன் பழைய துக்கத்தைச் சொல்லத் தொடங்குவதுபோல் அது மார்புக்குள்ளிருந்து வரும். லாங்காக்களின் கையில் இருப்பது சிந்தி சாரங்கி; கமாய்ச்சாவைவிட மெலிந்த, கூர்மையான குரல். இவற்றோடு டோலக். ஒன்றையொன்று ஒட்டி ஊதும் இரட்டைக் குழலான அல்கோஜா. நம் மகுடியின் உறவான முரளி. நாம் மோர்சிங் என்று அறிந்ததையே அங்கே மோர்ச்சங் என்கிறார்கள். விரல்களுக்கிடையே இரண்டிரண்டு தட்டையான மரத்துண்டுகளைப் பிடித்துச் சொடுக்கும் கர்த்தால் ஒன்று உண்டு. சித்திக் கான் அதைக் கையில் எடுத்தால் மரத்துண்டுகள் பேசும் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இவர்களின் பாட்டில் சின்னப் பாட்டு, பெரிய பாட்டு என்று பிரிவு உண்டு. பெரிய பாட்டு ராகத்தின்மேல் எழுப்பப்படுவது. முதலில் தோஹாக்கள், அவற்றில் ராகத்தின் முகம் மெல்லத் தெரிய வேண்டும், பிறகுதான் பாட்டு, பாட்டின் நடுவே கேட்பவரின் முகம் பார்த்து வரிகள் மாறும். ‘குர்ஜான்’ என்றொரு பாட்டு. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து பலோடிக்குப் பக்கத்திலுள்ள கீசன் கிராமத்தில் இறங்கும் நாரையினத்துப் பறவையிடம், பிழைக்கப் போன கணவனுக்குச் சேதி சொல்லி அனுப்புகிறாள் ஒரு பெண். பறவையைத் தூது விடும் மரபில் ஊறிய தமிழருக்கு அந்தப் பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஐந்து நிமிடத்தில் பாடி முடிக்கச் சொல்வது அந்தப் பெண்ணைப் பாதியில் வாயடைக்கச் சொல்வதாகும்.

ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவர்

இந்த இசை கிராமத்து முற்றத்தைத் தாண்டி வெளியே வந்ததற்குக் காரணம் தேடினால் ஒருவரிடம்தான் போய் நிற்க வேண்டும்: கோமல் கோத்தாரி (1929–2004). நண்பரும் எழுத்தாளருமான விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து 1960-ல் போருந்தா கிராமத்தில் ‘ரூபாயன் சன்ஸ்தான்’ என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். தேத்தா கதைகளைத் திரட்டினார். ‘பாத்தாம் ரீ புல்வாரி’ என்ற தலைப்பில் பதினான்கு தொகுதிகள் ஆயின. அவர் எழுதிய ‘துவிதா’ கதையை மணி கௌல் 1973-ல் படமாக எடுத்தபோது பின்னணியில் ஒலித்தது இந்தப் பாலைவன இசைதான். கோத்தாரி பாட்டுகளின் பின்னால் போனார். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். பாடகர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள். அறுபதுகளில் அவர்களை டில்லி மேடைக்கு அழைத்துவந்தார். அதன் பின் வெளிநாடுகளுக்கும்.

கோத்தாரியைப் பற்றி ஏ.கே. ராமானுஜன் நாட்டார் வழக்காறு குறித்த தம் கட்டுரை ஒன்றில் ஒரு செய்தி சொல்கிறார். எழுத்தறியாத நாட்டுப்புறப் பாடகர் ஒருவருக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர முயன்றிருக்கிறார் கோத்தாரி. அப்போது அவர் கவனித்த ஒன்று அவரையே மாற்றிவிட்டது. எழுத்தறிந்த பாடகர்கள் பாட்டை நினைவுபடுத்திக்கொள்ள நோட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. எழுத்தறியாத பாடகருக்கோ நூற்றுக்கணக்கான பாட்டுகள் நெஞ்சிலேயே இருந்தன. இதைப் படித்துவிட்டுப் படிப்பே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மாங்கணியார் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டாயம் வேண்டும். ஆனால் ‘படிக்காத கலைஞர்கள்’ என்று அவர்களை அறிமுகம் செய்யும் தொகுப்பாளர்கள் மேடை ஏறும் முன் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கோத்தாரியின் அக்கறை எவ்வளவு விரிந்தது என்பதற்கு ஜோத்பூருக்கு வெளியே அவர் கனவு கண்ட ‘அர்ணா ஜர்ணா’ பாலைவன அருங்காட்சியகம் சாட்சி. அங்கே முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டவை துடைப்பங்கள். எந்தப் புல்லில் கட்டியது, எந்த நிலத்தில் விளைந்தது, யார் கட்டியது, எந்த வீட்டில் எதைப் பெருக்கியது என்று துடைப்பத்தின் வழியாக ஒரு நிலத்தின் முழு வாழ்க்கையையும் காட்டிவிடலாம் என்று நம்பிய மனிதர் அவர். அதே கண்ணால்தான் பாட்டையும் பார்த்தார். பாட்டை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது, அதைப் பாடுகிறவரின் நிலம், மழை, ஆடு, உறவு எல்லாம் கூட வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் மேடை என்றாலே பிய்த்தெடுப்பதுதானே. முற்றத்தில் இரவு முழுக்க நேரம் இருந்தது. மேடையில் கடிகாரம் வந்தது. முற்றத்தில் கேட்டவருக்கு மொழி தெரியும், தன் பாட்டனின் பெயர் பாட்டில் வந்தால் நிமிர்ந்து உட்காருவார். மேடைக்கு எதிரே இருப்பவர்களுக்கு மொழியே தெரியாது. எனவே மொழி தேவைப்படாதவை முன்னுக்கு வந்தன: வேகம், கர்த்தாலைத் தலைக்கு மேல் சுழற்றுவது, டோலக்கும் கர்த்தாலும் போட்டி போடும் சவால்-ஜவாப். ‘கேசரியா பாலம்’ பாடாமல் ஒரு ராஜஸ்தான் குழு மேடை இறங்க முடியாது. ‘தமா தம் மஸ்த் கலந்தர்’ பாடினால் எழுந்து ஆடுகிறார்கள். கமாய்ச்சா பின்வரிசைக்குப் போனது. சுருதி கூட்டக் காத்திருக்க வேண்டாத ஆர்மோனியம் முன்வரிசைக்கு வந்தது. கமாய்ச்சா செய்யத் தெரிந்த தச்சர்கள் குறைந்துபோனார்கள். ஜெய்சல்மேர் அருகே ஹமீரா கிராமத்தைச் சேர்ந்த சாகர் கான் போன்ற ஒருசிலர் அதை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் இன்றைக்கும் நமக்கு அந்தக் குரல் கேட்கிறது. 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த ஆண்டே காலமானார்.

மேடை பெற்றெடுத்த நடனம்

மேடை எல்லாவற்றையும் குறைத்தது என்று எழுதினால் அது குலாபோ சபேராவுக்குச் செய்யும் அநியாயம். கால்பேலியாக்கள் பாம்பாட்டிகள். ஊர் ஊராகப் போய் மகுடி ஊதிப் பிழைத்தவர்கள். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்பு வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. நியாயமான சட்டம்தான், ஆனால் பாம்பைப் பறித்துக்கொண்ட அரசு மாற்றுப் பிழைப்பு எதையும் கையில் கொடுக்கவில்லை. அந்தச் சமூகத்தில் பெண்ணாகப் பிறந்ததால் பிறந்த அன்றே மண்ணில் புதைக்கப்பட்டு, தாயாலும் பெரியம்மாவாலும் தோண்டி எடுக்கப்பட்டவர் குலாபோ. அதை அவரே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். தந்தையின் மகுடிக்குப் பாம்போடு பாம்பாக வளைந்து ஆடிய சிறுமி. 1981 புஷ்கர் சந்தையில் ராஜஸ்தான் சுற்றுலாத் துறையினர் கண்ணில் பட்டார். 1985-ல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவுக்காக வாஷிங்டன் போனார். பிரெஞ்சு இசைக்கலைஞர் தியெரி ரோபானுடன் பல ஆண்டுகள் சேர்ந்து இயங்கினார். 2016-ல் பத்மஸ்ரீ.

இன்று உலக மேடைகளில் நாம் பார்க்கும் கறுப்புப் பாவாடை, கண்ணாடி வேலைப்பாடு, சுழற்சி, பின்னால் வளைந்து இமையால் காசு எடுக்கும் வித்தை, இந்த வடிவத்தில் கால்பேலியா நடனம் எண்பதுகளில்தான் உருவானது என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஹோலிப் பண்டிகையில் தஃப் அடித்துப் பாடி ஆடியதும் மகுடிக்கு ஆடியதும் பழைய வேர். மீதி மேடையில் முளைத்தது. 2010-ல் கால்பேலியாப் பாடல்களையும் நடனங்களையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. ‘பழைமையானது இல்லையே, பிறகெப்படி மரபு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடில்லை. பாம்பை இழந்த ஒரு சமூகத்தின் பெண்கள், தங்கள் உடம்பையே பாம்பாக்கி ஒரு பிழைப்பையும் ஒரு கலையையும் சேர்த்துக் கட்டியெழுப்பினார்கள். இதைவிட உயிருள்ள மரபு வேறென்ன இருக்க முடியும்? பெண் குழந்தை பிறந்தால் புதைத்த வீடுகளில் இன்று பெண்ணின் ஆட்டத்தால் அடுப்பு எரிகிறது. அதைச் செய்தது மேடைதான்.

மாங்கணியார் பெண்களின் கதை வேறு. வீட்டில், பெண்கள் சபையில் பாடுவார்கள். ஆண்களுக்கு நிகரான பாட்டுச் செல்வம் அவர்களிடம் உண்டு. மேடை ஏற மட்டும் தடை. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த ருக்மா தேவி அந்தத் தடையை மீறினார். சொந்தச் சமூகத்தின் எதிர்ப்புக்கிடையே டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்து பாடிய முதல் மாங்கணியார் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். 2011-ல் பாட்மேர் வட்டாரத்தில் வறுமையில்தான் இறந்தார். எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் தார்ப்பார்க்கரில், இதே மரபில் வந்த மாயி பாகியும் பின்னர் மாயி தாயியும் நாடறிந்த பாடகிகள் ஆனார்கள். 1947-ல் போட்ட கோடு உறவுகளை மட்டுமல்ல, ஒரே பாட்டின் விதியையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. இந்தப் பக்கத்து விழாக்காரர்கள் அடுத்த ருக்மாவைத் தேடிப் போக வேண்டும். தானாக வந்து கதவைத் தட்டும் நிலையில் அந்தப் பெண்கள் இல்லை.

2017

பழைய புரவலர் முறையை நினைத்து ஏங்குகிறவர்கள் 2017 செப்டம்பர் இறுதியில் ஜெய்சல்மேர் மாவட்டத்துத் தாந்தல் கிராமத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. நவராத்திரி இரவில், சாமியாடி ஒருவருக்கு அருள் வருவதற்காக ஒரு குறிப்பிட்ட ராகத்தைப் பாடும்படி மாங்கணியார் பாடகர் ஒருவருக்கு உத்தரவு. அருள் வரவில்லை, பாடியது சரியில்லை என்று குற்றச்சாட்டு. அந்தப் பாடகர் கொல்லப்பட்டார். புகார் கொடுத்த பிறகு அந்த ஊர் மாங்கணியார் குடும்பங்கள் அனைத்தும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையான உறவு என்று நாம் எழுதுவதன் அடியில் யார் மேல், யார் கீழ் என்ற கணக்கு எப்போதும் இருந்தது. பாட்டுக்குக் கிடைத்த ஒட்டகத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அந்தக் கணக்கைப் பேசாமல் விடுவது கலைஞர்களுக்குச் செய்யும் துரோகம்.

அதே ஆண்டு அக்டோபர் முடிவில், டில்லி ஷாதிப்பூரில் இருந்த கட்புத்லி காலனியை இடித்தார்கள். ராஜஸ்தானிலிருந்து வந்து குடியேறிய பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், மாயவித்தைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த குடிசைப்பகுதி அது. 1985-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் நாட்டார் வாழ்வியல் விழாவில் ‘மேளா’ என்ற பெயரில் ஓர் இந்தியத் திருவிழாவையே எழுப்பியபோது, வடிவமைப்பாளர் ராஜீவ் சேத்தியின் முயற்சியால் தெருக்கலைஞர்கள் அங்கே போய் நின்றார்கள். அந்நிய மண்ணில் இந்தியாவின் முகமாக இருந்தார்கள். திரும்பி வந்த ஊரில், பொது இடத்தில் ஆடிப் பாடிக் காசு கேட்பதைப் பிச்சை என்று வகைப்படுத்தும் 1959-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம் டில்லியிலும் நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டில்லி உயர் நீதிமன்றம் செல்லாதென்று அறிவிக்க 2018 ஆயிற்று. விமானத்தில் ஏறும்போது கலைஞர், இறங்கும்போது பிச்சைக்காரர். பல ஆயிரம் மைல் தாண்டிப் போய் வாங்கிய கைதட்டல் ஒரு வீட்டுமனைப் பட்டாவுக்கு ஈடாகவில்லை.

நேரம் கிடைத்தால்

இந்தப் பின்னணியில்தான் ஜோத்பூர் விழாவை நான் மதிக்கிறேன். குறையே இல்லாத விழா என்று சொல்ல மாட்டேன். கோட்டைக்குள் கட்டணம் கொடுத்து வந்து உட்காருகிறவர்களில் பாலைவனக் கிராமத்து ஆட்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? புரவலர் பட்டியலில் மீண்டும் அரண்மனை இருப்பதும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இந்த விழா ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது. விடியற்காலையை முழுமையாக ஒரு குரலுக்குக் கொடுக்கிறது. மூத்த கலைஞர்களுக்கென்று தனி அமர்வு வைக்கிறது. வெளிநாட்டுக் கலைஞரையும் உள்ளூர்க் கலைஞரையும் கடைசி நாள் மேடையில் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு விட்டுவிடாமல், முன்கூட்டியே வரவழைத்துச் சேர்ந்து உட்காரவைக்கிறது. அயர்லாந்து வயலினும் சிந்தி சாரங்கியும் ஒன்றையொன்று கேட்டுப் பழக அவகாசம் இருந்தால், மேடையில் இரண்டும் தத்தம் குரலை விடாமல் உரையாடும். அவகாசம் இல்லையென்றால் இரண்டும் உரக்கக் கத்தும்.

நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு நாடக இயக்குநர் ராய்ஸ்டன் ஏபலின் ‘தி மாங்கணியார் செடக்‌ஷன்’. 2006-ல் டில்லியில் முதலில் அரங்கேறியது. நான்கு அடுக்குகளில் முப்பத்தாறு சிவப்புத் திரைச் சிற்றறைகள், உள்ளே நாற்பத்துச் சொச்சம் கலைஞர்கள். ஜெய்ப்பூர் ஹவா மஹாலின் சாளரங்களும் ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சிவப்பு விளக்குத் தெருவின் ஜன்னல்களும் கலந்த வடிவம். ஒரு திரை விலகி ஒற்றைக் கமாய்ச்சா ஒலிக்கத் தொடங்கும். அது மட்டுமே சிறிது நேரம். பிறகு ஒரு குரல், இன்னொரு ஜன்னல், இன்னொரு விளக்கு. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒரே பாட்டு வளர்கிறது. மேலைநாட்டு அரங்குகளில் மொழி தெரியாதவர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். மொழி தெரியாதவர்களுக்கு வேகமான பாட்டுதான் பிடிக்கும் என்று பல ஆண்டுகளாக அமைப்பாளர்கள் சொல்லிவந்த சமாதானம் அங்கே பொய்த்துப்போனது.

சினிமாவும் இவர்களைத் தேடி வந்தது. டோனி கேட்லிஃபின் ‘லாச்சோ டிரோம்’ (1993) ரோமா மக்களின் இசைப்பயணத்தை இந்தப் பாலைவனத்தில்தான் தொடங்குகிறது. 2015-ல் ஷை பென் ட்ஸூரும் ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட்டும் மெஹ்ரான்கட் கோட்டையிலேயே தங்கி, மாங்கணியார்களும் கவ்வாலிப் பாடகர்களும் பித்தளை வாத்தியக்காரர்களும் சேர்ந்த பெரிய குழுவோடு ‘ஜுனூன்’ இசைத்தொகுப்பைப் பதிவுசெய்தார்கள். பால் தாமஸ் ஆண்டர்சன் அதைப் படமாக்கினார். மும்பை சினிமா ‘நிம்பூடா’வை எடுத்துக்கொண்டது, 1999-ல் நாடே அதற்கு ஆடியது. அது மாங்கணியார் மரபின் பாட்டு என்று ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மரபுப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பதால் அதற்கு உரிமையாளரும் இல்லை என்று முடிவுகட்டுவது வசதியான வாதம். பாட்டைப் பாதுகாத்த சமூகத்துக்கு ஒரு பங்கு சேரவேண்டும் என்பதற்குச் சட்டம் தெளிவாக இல்லாவிட்டாலும் நியாயம் தெளிவாகவே இருக்கிறது.

அங்கீகாரம் முற்றிலும் வராமல் இல்லை. பாட்மேர் மாவட்டம் படனாவா கிராமத்து லாங்கா மரபைச் சேர்ந்த ஆசின் கான் 2022-ல் ஆகா கான் இசை விருது பெற்றார். சிந்தி சாரங்கியின் மூத்த கலைஞர் லாக்கா கானுக்கு 2021-ல் பத்மஸ்ரீ. ஆனால் விருது ஓரிருவருக்குத்தான். மற்றவர்களுக்கு ஜெய்சல்மேர் அருகே சம் மணல்மேட்டில் சுற்றுலாக் கூடாரங்கள். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் கூட்டத்துக்கு முன்னால் இந்திப் படப்பாட்டு. 2020-ல் ஊரடங்கு வந்தபோது அதுவும் நின்றது. கல்யாணமும் இல்லை, சுற்றுலாவும் இல்லை, விழாவும் இல்லை. முற்றத்தை நம்பியவரும் மேடையை நம்பியவரும் ஒரே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இவர்கள் முற்றிலும் அந்நியர்கள் அல்ல. 1980-களின் நடுவில் மத்திய அரசு ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்களை அமைத்தபோது தென் மண்டலத்துக்குத் தஞ்சாவூரும் மேற்கு மண்டலத்துக்கு உதய்ப்பூரும் தலைமையிடங்கள் ஆயின. தஞ்சையில் நடக்கும் ‘சலங்கை நாதம்’ போன்ற விழாக்களில் ராஜஸ்தான் குழுக்களைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பதினைந்து நிமிடம், நான்கு பாட்டு, அடுத்த மாநிலம். நிகழ்ச்சி நிரலில் ‘ராஜஸ்தான் நாட்டுப்புற நடனம்’ என்ற ஒரு வரி.

நம் விழாக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் அல்ல. பத்து மாநிலங்களை ஒரே மாலையில் ஓட்டிக்காட்ட வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஒரு பெரிய பாட்டையாவது முழுதாகப் பாடச் சொல்லுங்கள். அதன் பொருளை முன்கூட்டியே தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள். நிரலில் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் ஊரையும் வாத்தியத்தையும் அச்சிடுங்கள். சம்பளத்தை இடைத்தரகர் கையில் கொடுக்காமல் அவரவர் கணக்கில் போடுங்கள். வாசகர்களாகிய நீங்களும், அடுத்த முறை ஒரு ராஜஸ்தான் குழு உங்கள் ஊருக்கு வந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து கமாய்ச்சா கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாசிக்கிறவரின் பெயரையும் ஊரையும் மேடைக்குப் பின்னால் போய் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.